வண்டியின் உயரம் தெரிந்த ஜிபிஎஸ்

மோட்டார்ஹோமுக்கு, அதாவது உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வீட்டு வண்டிக்கு, ஜிபிஎஸ் வாங்கப்போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ஸ்கிரீன் எத்தனை இன்ச் வாங்கலாம் என்று. அடுத்தது, எந்தக் கம்பெனி என்று. இரண்டுக்கும் என்னிடம் பதில் உண்டு. ஆனால் அதற்கு முன் நான் ஒன்று கேட்பேன்: "உங்க வண்டி உயரம் எவ்வளவு?" பெரும்பாலும் "ஒரு மூணு மீட்டர் வரும்" என்பார்கள். சென்டிமீட்டர் கணக்கில் பதில் வராதவரை கருவியைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

நம்பகமான ஜிபிஎஸ் என்றதும் பலர் சாட்டிலைட் துல்லியத்தைத்தான் நினைக்கிறார்கள். அது எப்போதோ தீர்ந்துபோன பிரச்சினை. பொதுமக்கள் பயன்படுத்தும் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதத்தில் நிறுத்திவிட்டது. இன்று திறந்த வெளியில் ஒரு சாதாரண கைப்பேசியே சுமார் 5 மீட்டருக்குள் நாம் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடும். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ என்று மற்ற சாட்டிலைட் அமைப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கும் சிப்புகள் சர்வசாதாரணம். வண்டி எங்கே நிற்கிறது என்பதில் கருவி தடுமாறுவது அபூர்வம். முன்னால் வரும் பாலத்தின் உயரம் அதற்குத் தெரியுமா என்பதுதான் விஷயம். அந்தத் தகவல் வானத்திலிருந்து வருவதில்லை. யாரோ சாலையில் போய்ப் பார்த்து, பலகையில் இருந்த எண்ணை வரைபடத்தில் ஏற்றியிருக்க வேண்டும்.

எனக்கு இது உறைத்தது ஒரு ரயில்வே வளைவுப் பாலத்தின் முன்னால். கருவியில் வண்டியின் அளவுகளை எல்லாம் சரியாகவே ஏற்றியிருந்தேன். உயரம் 3.12 மீட்டர். திரையில் கோடு நேராகப் போகிறது, குரலும் நேராகப் போகச் சொல்கிறது. ஒரு திருப்பம் தாண்டியதும் எதிரே செங்கல் வளைவு, அதன் நெற்றியில் சிவப்பு வட்டம், அதற்குள் 2.9. "ஏங்க, நிறுத்துங்க" என்று மனைவி சொல்வதற்கும் நான் பிரேக்கை மிதிப்பதற்கும் சரியாக இருந்தது. பின்னால் இரண்டு கார்கள். அவள் இறங்கிப் போய் அவர்களிடம் பேசிப் பின்னுக்கு நகர்த்திவிட்டு, கண்ணாடியில் எனக்குத் தெரியும்படி நின்று கைகாட்ட, வேலிக்கும் சுவருக்கும் நடுவே அங்குலம் அங்குலமாக ரிவர்ஸ் எடுத்தேன். அத்தனை நேரமும் அந்தக் குரல் நிதானமாக, நேராகச் செல்லவும், நேராகச் செல்லவும் என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

அன்றிரவு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் அதே பாலத்தைத் தேடினேன். 2.9 என்று யாரோ ஒரு புண்ணியவான் பதிந்து வைத்திருந்தார். கருவியில் இருந்த வரைபடத்தில் அந்த எண் இல்லை. தகவல் இல்லாத பாலத்தைக் கருவி தடையில்லாத பாலமாகவே எடுத்துக்கொள்கிறது. வண்டி அளவை எவ்வளவு கவனமாக ஏற்றினாலும் ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பக்கத்தில் ஓர் எண் வேண்டுமே.

அதிலிருந்து எந்தக் கருவியையும் நான் இப்படித்தான் சோதிக்கிறேன். நமக்கு நன்றாகத் தெரிந்த சுற்றுவட்டாரத்தில் தாழ்வான பாலம், எடைக் கட்டுப்பாடு உள்ள பாலம், அகலம் குறைந்த சந்து என்று சிலவற்றை எழுதி வைத்துக்கொள்கிறேன். கருவியில் வண்டி அளவை ஏற்றிவிட்டு, ஒவ்வொரு தடைக்கும் இந்தப் பக்கம் ஓர் இடத்தையும் அந்தப் பக்கம் ஓர் இடத்தையும் கொடுத்து வழி கேட்கிறேன். கார் என்றால் அந்தத் தடை வழியாகத்தான் போக வேண்டும் என்கிற மாதிரி இடங்களாக இருக்க வேண்டும். முதலில் கார் மோடில் ஒருமுறை, பிறகு மோட்டார்ஹோம் மோடில் ஒருமுறை. இரண்டு வழியும் ஒன்றாகவே வந்தால் அந்தத் தடை கருவிக்குத் தெரியாது. வேறாக வந்தால் தெரிந்திருக்கிறது. வீட்டில் சோபாவில் உட்கார்ந்தபடியே இதைச் செய்துவிடலாம், வண்டியை எடுக்கவே வேண்டாம். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்துவிட வேண்டும், அவ்வளவுதான். கெடு எத்தனை நாள் என்பதை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பயணம் போகப்போகும் பகுதியிலும் இதே சோதனையைச் செய்து பார்ப்பது நல்லது. ஒரு நாட்டில் பிரமாதமாக வேலை செய்யும் கருவி அடுத்த நாட்டில் வெறும் கார் ஜிபிஎஸ்ஸாக ஆகிவிடலாம். பாதையின் இந்தப் பகுதிக்குப் பெரிய வண்டிக்கான விவரம் இல்லை என்று சில கருவிகள் முன்கூட்டியே எச்சரிக்கும். என் கணக்கில் அது கருவியின் பலவீனம் அல்ல, பெரிய பலம். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற கருவியை நம்பலாம்.

கருவிகளின் பெயர் பலவாக இருந்தாலும் உள்ளே இருக்கும் வரைபடங்களின் ஊற்றுக்கண்கள் சிலவே. முன்பு நாவ்டெக் என்று இருந்து இப்போது ஹியர் ஆகிவிட்ட நிறுவனம், 2008இல் டெலி அட்லஸை வாங்கிய டாம்டாம், 2004இல் தொடங்கித் தன்னார்வலர்களால் வளர்ந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், இவை முக்கியமானவை. ஒரே ஊற்றிலிருந்து வரைபடம் எடுக்கும் இரண்டு கருவிகளை மாற்றி மாற்றிச் சோதித்து நேரத்தை வீணடிக்க வேண்டாம். வரைபடம் யாருடையது என்று பெட்டியிலோ கருவியின் 'பற்றி' பக்கத்திலோ போட்டிருக்கும். கைகாவலாகக் கைப்பேசியில் இன்னொரு வரைபடம் வைத்துக்கொள்வதென்றால் அது வேறு ஊற்றாக இருக்கட்டும். என்னிடம் இருப்பது ஓஸ்மண்ட் செயலி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொண்டு வண்டியின் உயரம், எடையைப் பார்த்து வழி போடும். அழகாக இருக்காது, வேலைக்கு ஆகும்.

சரி, அளவெடுப்பதற்கு வருகிறேன். வண்டியின் கையேட்டில் உள்ள உயரத்தை அப்படியே ஏற்றாதீர்கள். அது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது இருந்த உயரம். அதற்குப் பிறகு கூரையில் ஏசி ஏறியிருக்கும், சோலார் பேனல் ஏறியிருக்கும், டிஷ் ஆன்டெனா, காற்றுப்போக்கி மூடி, சாமான் பெட்டி என்று ஏதாவது இருக்கும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, கூரையில் எது மிக உயரமோ அதன்மேல் ஒரு நீளமான நேர்க்கட்டையை ரசமட்டம் வைத்துக் கிடையாகப் பிடிக்கச் சொல்லி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையிலிருந்து தரைக்கு டேப் பிடித்து அளக்க வேண்டும். ஆள் துணை இல்லாமல் முடியாது. என் வண்டியில் கையேட்டுக்கும் டேப்புக்கும் இருந்த வித்தியாசம் ஒரு கைச்சாண் அளவு, முழுக்க ஏசியின் உபயம்.

இத்துடன் பத்து சென்டிமீட்டர் கூட்டி ஏற்றுகிறேன். அதற்கு மேல் வேண்டாம். பயத்தில் அரை மீட்டர் கூட்டி வைத்த நண்பர் ஒருவரை, தாராளமாகப் போயிருக்கக்கூடிய பாலங்களை எல்லாம் தவிர்த்துக் கருவி ஊர் சுற்றிக் காட்டியது. கடைசியில் வெறுத்துப்போய் கார் மோடுக்கு மாற்றிவிட்டார். அது இன்னும் மோசம்.

அடி, அங்குலத்தில் அளப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 10 அடி 6 அங்குலம் என்பது 10.5 அடி, 10.6 அல்ல. மீட்டரில் 3.20. கருவி எந்த அலகில் கேட்கிறது என்று பார்த்துவிட்டு எண்ணைத் தட்டுங்கள். ஏற்றிய உயரத்தை இரண்டு அலகிலும் ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். பலகையில் எந்த அலகு இருந்தாலும் மனக்கணக்குப் போட வேண்டியதில்லை.

அகலத்துக்குப் பக்கக் கண்ணாடிகளையும், நீளத்துக்குப் பின்னால் மாட்டிய சைக்கிள் ஸ்டாண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் கோயிங் டு த சன் என்றொரு மலைச்சாலை. அதன் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. பம்பரும் கண்ணாடியும் அந்தக் கணக்கில் சேர்த்தி. எடைக்கு, தண்ணீர்த் தொட்டி, எரிபொருள், சாமான், ஆட்கள் எல்லாம் ஏறிய நிலையில் ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுவது நல்லது. சட்டப்படி அனுமதித்த மொத்த எடை வண்டியின் தகட்டில் இருக்கும். இரண்டில் எது அதிகமோ அதைக் கருவியில் ஏற்றுகிறேன். நிஜ எடை தகட்டைத் தாண்டியிருந்தால் அது ஜிபிஎஸ் பிரச்சினை அல்ல, சாமானை இறக்குங்கள். கேஸ் சிலிண்டர் இருக்கிறதா என்று கருவி கேட்டால் ஆம் என்றே சொல்லுங்கள், சில சுரங்கப்பாதைகளில் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் வண்டிகளை ஏற்றிச்செல்லும் ரயிலில் எல்பிஜியில் ஓடும் வண்டியை ஏற்றுவதே இல்லை.

இவ்வளவு செய்தாலும் கருவிக்குத் தெரியாதவை இருந்துகொண்டே இருக்கும். வளைவுப் பாலத்துக்கு வரைபடத்தில் இருப்பது ஒரே ஓர் எண். ஆனால் அந்த உயரம் நடுவில்தான் கிடைக்கும், ஓரத்தில் கிடைக்காது. நம் வண்டியோ பெட்டி மாதிரி, கூரையின் மூலை வரை ஒரே உயரம். எதிரே வண்டி வந்து நாம் ஓரம் கட்டினால் மூலை போய்விடும். பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டிருந்தால் பலகையில் உள்ள உயரமே பொய்யாகிவிடலாம். பெட்ரோல் பங்க் கூரை, பார்க்கிங் நுழைவில் தொங்கும் கம்பி, சாய்ந்த மரக்கிளை, இவை எந்த வரைபடத்திலும் ஒழுங்காக இருப்பதில்லை. பின்சக்கரத்துக்குப் பின்னால் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்குப் பள்ளத்திலிருந்து மேடேறும் இடமும் ஆபத்து, வால் தரையில் இடிக்கும். அதையும் கருவி சொல்லாது.

பலகையே போதுமே, கருவி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. வட கரோலினாவின் டர்ஹம் நகரத்து ரயில் பாலம் அவர்களுக்குப் பதில் சொல்லும். 11 அடி 8 அங்குலப் பாலம் என்று உலகப் பிரசித்தம். எச்சரிக்கைப் பலகை, மின்னும் விளக்கு எல்லாம் இருந்தும் லாரிகள் அதன் கீழ் புகுந்து கூரையை உரித்துக்கொண்டே இருந்தன. 2019இல் பாலத்தையே 8 அங்குலம் தூக்கி 12 அடி 4 அங்குலம் ஆக்கினார்கள். அதற்குப் பிறகும் மோதல் நிற்கவில்லை. பலகை கண்ணில் படும் நேரத்தில் ஒதுங்க வழி இருக்காது. வழி போடும்போதே ஒதுங்கியிருக்க வேண்டும்.

லாரிக்கான ஜிபிஎஸ் வாங்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். தடை விவரங்கள் அதில் நன்றாகவே இருக்கும். ஆனால் சரக்கு வண்டிக்குத் தடை என்று பலகை இருக்கும் சாலைகளை எல்லாம் அது ஒதுக்கிவிடும். அவற்றில் பலவற்றில் மோட்டார்ஹோம் தாராளமாகப் போகலாம். தொழிற்பேட்டை வழியாகச் சுற்றிக்கொண்டு போவதற்காகவா வீட்டைச் சக்கரத்தில் கட்டிக்கொண்டு கிளம்பினோம்? மோட்டார்ஹோமுக்கென்றே வரும் கருவிகளில், கார்மின், டாம்டாம் இரண்டிலும் அப்படி வரிசை உண்டு, இந்தக் குழப்பம் குறைவு. முகாம் இடங்கள், கழிவுநீர் கொட்டும் இடங்கள் என்று பட்டியலும் சேர்ந்தே வரும். அந்தப் பட்டியலுக்காக மட்டும் அதிக விலை கொடுக்காதீர்கள். அவை கைப்பேசிச் செயலிகளில் இதைவிடப் புதிதாகக் கிடைக்கும். காருக்கான ஜிபிஎஸ்ஸும், அன்றாடம் நாம் பார்க்கும் கைப்பேசி வரைபடங்களும் போக்குவரத்து நெரிசல் தெரிந்துகொள்ள அருமை. வழிக்கு வேண்டாம்.

செட்டிங்ஸில் நான் முதலில் கைவைப்பது 'குறுகிய தூரம்' என்பதை அணைப்பதில். நூறு மீட்டர் மிச்சம் பிடிப்பதற்காக அது நம்மை வயல்வரப்பில் இறக்கிவிடும். 'வேகமான வழி' போதும். யூ டர்ன் தவிர், மண்சாலை தவிர், இரண்டும் ஆன். வழி தவறினால் உடனே புது வழி போடுவதில்தான் விபரீதம் நடக்கிறது: ஒரு திருப்பத்தை விட்டுவிட்டால் கருவி அடுத்த சந்திலேயே திருப்பப் பார்க்கும். அந்த நேரத்தில் அதைச் சட்டை செய்யாமல் பெரிய சாலையிலேயே போய்க்கொண்டிருந்தால் சற்று நேரத்தில் அதுவே வழிக்கு வந்துவிடும். கிளம்புமுன் வழி முழுவதையும் திரையில் பெரிதாக்கி ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது மனைவியின் பொறுப்பு. பெரிய சாலையிலிருந்து காரணமில்லாமல் விலகி மறுபடி சேரும் இடம் ஏதாவது தெரிந்தால் அங்கே ஓர் இடைப்புள்ளி வைத்துப் பெரிய சாலையிலேயே பிடித்து நிறுத்துவாள். அதனால் இடைப்புள்ளி வைக்க எளிதாக விடாத கருவியை நாங்கள் எடுப்பதே இல்லை.

வண்டியின் வகை என்ன என்று காட்டும் சின்னப் படத்தையும் தினமும் ஸ்டார்ட் செய்யுமுன் பாருங்கள். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு என் கருவி சத்தமில்லாமல் கார் மோடுக்குப் போயிருந்தது. மூலையில் மோட்டார்ஹோம் படம் இருக்க வேண்டிய இடத்தில் குட்டிக் கார்.

கணினியில் வழி போட்டு, அதை ஜிபிஎக்ஸ் என்ற வழிக் கோப்பாகக் கருவியில் ஏற்றுபவர்கள், அது ரூட்டா டிராக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரூட் என்றால் கருவி அதில் உள்ள புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு நடுவில் தன் இஷ்டத்துக்கு வழி போடும். டிராக் என்றால் போட்ட கோடு போட்டபடி இருக்கும்.

முகாம் இடங்களுக்கு முகவரியை நம்பாமல் ஆயத்தொலைவுகளை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தட்டுவது என் பழக்கம். முகவரி பெரும்பாலும் அலுவலகத்துக்கோ பின்வாசலுக்கோ கொண்டுபோய் விடும். ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. 45 டிகிரி 30 மினிட் என்பதை 45.30 என்று தட்டினால், இருக்க வேண்டியது 45.50 ஆயிற்றே, வடக்கு தெற்காக ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தள்ளிப்போவோம். ஆயத்தொலைவை எந்த வடிவத்தில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் கருவி நல்லது.

ஸ்கிரீன் அளவுக்கு இப்போது வரலாம். ஏழு அங்குலத்துக்குக் குறைந்து வேண்டாம். மோட்டார்ஹோமில் முன்கண்ணாடி ஓட்டுநரிடமிருந்து தள்ளியிருக்கும், அதிலும் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக இருக்கும் வண்டிகளில் கை நீட்டினாலும் எட்டாது. டேஷ்போர்டில் நிற்கும் ஸ்டாண்டாகப் பாருங்கள். கண்ணாடியில் ஒட்டும் ஸ்டாண்டின் ரப்பர் உறிஞ்சான் வெயிலில் கழன்று விழும், பெரிய கருவி என்றால் இன்னும் சீக்கிரம். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய முன்கண்ணாடியாக இருந்தால் சிக்னல் திணறும். அப்படிப்பட்ட கண்ணாடிகளில் நடுக்கண்ணாடிக்குப் பக்கத்தில் பூச்சில்லாத இடம் விட்டிருப்பார்கள். கருவியை அங்கே கொண்டுபோய்ப் பாருங்கள்.

கருவியின் பேட்டரி ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரம். எப்போதும் வயரில்தான் இருக்கப்போகிறது. மேடுபள்ளத்தில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து பிளக் நழுவும். ஃபியூஸ் வைத்து நேரடியாக இணைத்துவிட்டால் நிம்மதி. லாரி அடிச்சட்டத்தில் கட்டிய வண்டி 24 வோல்ட்டாக இருக்கலாம், சார்ஜர் அதைத் தாங்குமா என்று கேளுங்கள். சில கருவிகளில் டிராஃபிக் தகவலை வாங்கும் ரிசீவரே அந்தச் சார்ஜர் கேபிளுக்குள்தான் இருக்கும். சாதாரண யூஎஸ்பி கேபிளைச் செருகினால் சார்ஜ் ஏறும், டிராஃபிக் வராது. டீசல் எஞ்சின் சத்தத்தில் குரல் கேட்கிறதா என்பதைக் கடைக்குள் நின்று முடிவு செய்ய முடியாது, எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டால்தான் தெரியும்.

ஸ்பீட் கேமரா எச்சரிக்கை எல்லா நாட்டிலும் சட்டப்படி சரியல்ல. சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் ஓட்டும்போது அதைப் பயன்படுத்தத் தடை உண்டு. எல்லை தாண்டுபவர்கள் எந்த மெனுவில் அதை அணைக்கலாம் என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியில் 'வாழ்நாள் வரைபடம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். யாருடைய வாழ்நாள் என்பது பொடி எழுத்தில் இருக்கும். நம்முடையது அல்ல, கருவியினுடையது. அதுவும் எதுவரை என்று நிறுவனம்தான் முடிவு செய்யும். வைஃபையில் நேராக அப்டேட் ஆகுமா, கணினி வேண்டுமா, புது வரைபடம் முழுவதும் உள்நினைவகத்தில் கொள்ளுமா, இல்லை மெமரி கார்டு போட வேண்டுமா என்பதை விசாரியுங்கள். வரைபடங்கள் பல ஜிபி கனக்கும். முகாமின் நொண்டி வைஃபையில் அதை இறக்க முயன்றால் விடிந்துவிடும். கிளம்புவதற்குச் சில நாள் முன்பே வீட்டில் முடித்துவிடுங்கள்.

பழைய கருவியைக் கைமாற்றாக வாங்குவதானால் திறந்தவெளியில் ஆன் செய்து தேதியைப் பாருங்கள். ஜிபிஎஸ் சிக்னலில் வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும். கடைசியாக அப்படி ஆனது 2019 ஏப்ரலில். அதற்குப் பின் மென்பொருளைப் புதுப்பிக்காத சில பழைய கருவிகள் ஏறத்தாழ இருபது ஆண்டு பின்னே போய் நிற்கும். நீண்ட நாள் அணைந்து கிடந்த கருவி சாட்டிலைட்டைப் பிடிக்கச் சில நிமிடம் எடுத்துக்கொள்வது இயல்பு, அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். தேதி தவறு, கூடவே வரைபட அப்டேட்டும் நின்றுபோய்விட்டது என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.